காலை எடுத்தவருக்கும் கால் போடுபவருக்கும் நடுவில் ஒரு காகிதம்

நிலநடுக்கம் நடந்த நாடுகளுக்குக் கிளம்பும் மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களே, செவிலியர்களே, அவர்களோடு கிளம்பும் தன்னார்வலர்களே,

வணக்கம். இதை எழுதும் நான் மருத்துவன் அல்ல. மதுரைப் பக்கம் ஒரு பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறவன். காலை எடுத்த பிறகு ஆள் எழுந்து நடக்க வேண்டுமே, அதற்கு ஆக வேண்டியதைச் செய்வது என் வேலை. அளவெடுப்பது, அச்சு வார்ப்பது, கால் போட்டுவிட்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கப் பழக்குவது. இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் ஓர் இளம் எலும்பு மருத்துவர் பட்டறைக்கு வந்திருந்தார். தன் நோயாளிக்குக் கால் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அவரே நேரில் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கிளம்பும்போது கேட்டார்: "அண்ணே, அடுத்த தடவை எங்கயாவது பூகம்பம்னா எங்க டீம் போறதா இருக்கு. நீங்க குஜராத் பூகம்பத்தப்போ பூஜ் போனவர்னு சொன்னாங்க. என்ன எடுத்துட்டுப் போகணும்?"

மருந்து, கையுறை, டார்ச் லைட் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த மடல். அவருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியதால் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஹைட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் அங்கே போனதில்லை. ஆனால் என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஹைட்டி ஒரு பாடப் புத்தகம் மாதிரி. 2010 ஜனவரி 12, மாலை 4.53. லியோகான் என்ற ஊரை ஒட்டி மையம், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். அளவு 7.0. பூமிக்கடியிலிருந்து வந்த அந்தச் சத்தத்தை வைத்தே ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'கூடுகூடு'. இன்றைக்கும் கிரியோல் மொழியில் அந்த நாளைப் பற்றிப் பேசினால் அந்தச் சொல்தான் வருமாம். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்னும் ஒரே கணக்கு இல்லை. அரசு இரண்டு லட்சத்துக்கும் மேல் என்றது, வேறு சிலர் அதைவிடக் குறைவு என்றார்கள். காயம் பட்டவர்கள் மூன்று லட்சம், வீடிழந்தவர்கள் பதினைந்து லட்சம் என்று சொல்லப்பட்டது.

அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஆஸ்பத்திரி வேண்டும். அதிகம் பாதித்த மூன்று மாகாணங்களில் இருந்த 49 மருத்துவமனைகளில் 30 இடிந்தோ சேதமாகியோ போயின. சுகாதார அமைச்சகக் கட்டடமே தரைமட்டம். தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனையை ஒட்டியிருந்த செவிலியர் பள்ளி, வகுப்பிலிருந்த மாணவிகளோடு இடிந்து விழுந்தது. அடுத்த வாரம் காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

அப்படியானால் முதல் மூன்று நாள் யார் பார்த்தார்கள்? உங்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைக் கழற்றி அதில் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக அங்கேயே தங்கி வேலை பார்த்துவந்த கியூப மருத்துவக் குழு, 300 பேருக்கும் மேல், அன்று ராத்திரியே வேலையை ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், டொமினிக்கன் குடியரசின் ஹிமானி என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் லாரி லாரியாக வந்தவர்களைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். லியோகானில் ஊரில் பெரும்பகுதி விழுந்தும் செவிலியர் கல்லூரி நின்றது. அதன் தலைவர் ஹில்டா அல்சிண்டோரும் மாணவிகளும் கல்லூரி முற்றத்தையே ஆஸ்பத்திரியாக்கி, வெளியிலிருந்து ஆள் வந்து சேரும்வரை காயங்களைக் கழுவிக் கட்டினார்கள். படித்து முடிக்காத பிள்ளைகள். அந்த நாட்களில் அந்த ஊருக்கு மருத்துவம் என்றால் அவர்கள்தான்.

உயிரைக் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் காலம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டு மூன்று நாளைக்குள் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு போய்க் கூடாரம் போட்டு வேலையை ஆரம்பிப்பது அபூர்வம். ஹைட்டியில் விமான நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 12 டன் மருத்துவப் பொருட்களோடு அனுப்பிய விமானம் மூன்று முறை இறங்க அனுமதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது. சிட்டே சொலெய்ல் பகுதியில் இருந்த அவர்களுடைய மருத்துவர்கள், காலை எடுக்கும் வேலையைத் தொடர, சந்தையில் ரம்பம் வாங்க வேண்டியிருந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது நான் பட்டறையில் ஒரு கால் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அந்த மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நிலைமையில் கால் போனாலும் ஆள் பிழைத்தால் போதும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். எந்தக் காலை எடுத்திருக்க வேண்டாம், எதை எடுக்காமல் விட்டதால் உயிர் போனது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு நடப்பது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பட்டறைக்கு ஒருவர் வந்து உட்கார்ந்ததும் கண் பார்ப்பதற்கு முன்னால் என் கை தொட்டுப் பார்த்துவிடும். முழங்காலுக்குக் கீழே எடுத்த கால் என்றால், மீதமிருக்கும் பகுதியை, நாங்கள் ஸ்டம்ப் என்றுதான் சொல்வோம், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். முன்னெலும்பின் முனையை வெட்டியவர் சீவி விட்டிருக்கிறாரா, கூராக விட்டிருக்கிறாரா? பக்கத்துச் சின்ன எலும்பு அதைவிடக் கொஞ்சம் கட்டையாக இருக்கிறதா? எலும்பு முனையை மூடித் தசை இருக்கிறதா, அல்லது தோல் நேராக எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? தழும்பு எங்கே விழுந்திருக்கிறது? இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. ஈரக் காலுறையை மாட்டி, அழியாத பென்சிலால் முட்டிச் சில்லு, அதன் கீழே இருக்கும் தசைநாண், எலும்பின் விளிம்பு எல்லாவற்றையும் குறித்துவிட்டு, அதன் மேல் மாவுக்கட்டைச் சுற்றுவேன். இறுகியதும் மெதுவாகக் கழற்றினால் அந்தக் கோடுகள் கட்டின் உள்பக்கம் ஊதா நிறத்தில் பதிந்திருக்கும். அதை வைத்துத்தான் எங்கே பாரம் தாங்கலாம், எங்கே தாங்கக் கூடாது என்று சாக்கெட்டை, அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கூட்டை, செதுக்குவோம்.

ஒழுங்காக இல்லாவிட்டால்? கூரான எலும்பு உள்ளேயிருந்து தோலைக் குத்தும். ஒட்டிப்போன தோல் நாலடி நடப்பதற்குள் கிழியும். எவ்வளவு விலையுள்ள கால் வாங்கிக் கொடுத்தாலும் ஆள் அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டுதான் போவார்.

நிலநடுக்கத்தில் நாள் கடந்து, மண்ணும் சீழுமாக வரும் காயத்தை நீங்கள் உடனே தைத்து மூட முடியாது. நேராக வெட்டி, திறந்தபடியே விட்டு, சில நாள் கழித்து இரண்டாவது தடவை சீர்செய்து மூட வேண்டும். முதல் வெட்டு உயிருக்கு, இரண்டாவது நடைக்கு. ஹைட்டியில் பல இடத்தில் அந்த இரண்டாவது தடவை வரவே இல்லை, அல்லது ரொம்ப நாள் கழித்து வந்தது. முதலில் வெட்டியவர் ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்தவருக்கு இது யார் செய்தது, எப்போது செய்தது, என்ன நினைத்துத் திறந்து விட்டார்கள் என்று ஒன்றும் தெரியாது. நோயாளியிடம் காகிதம் இல்லை. அவர் இதற்குள் வேறு முகாமுக்குப் போயிருப்பார். அமெரிக்கக் கடற்படையின் மருத்துவக் கப்பல் ஆயிரம் படுக்கையோடு ஜனவரி 20 அன்று வந்து நின்றது. பெரிய வேலை செய்தார்கள். ஆனால் அந்தக் கப்பலில் அறுவைச் சிகிச்சை முடிந்தவரை எங்கே இறக்கி விடுவது என்பது கடைசிவரை தீராத பிரச்சினையாகவே இருந்தது. கரையில் அவருக்காகக் காத்திருந்தது பிளாஸ்டிக் கூடாரம்.

மொத்தம் எத்தனை பேருக்குக் கை கால் எடுத்தார்கள்? ஹேண்டிகேப் இன்டர்நேஷனல் அமைப்பு சொன்ன மதிப்பீடு 2,000 முதல் 4,000 வரை. இந்தக் கணக்கைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில் இரண்டாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். ஓர் அறுவை அரங்கில் ஒரு மருத்துவர் தன் கையால் செய்த வேலை, அதற்கே கணக்கு இல்லை. எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதியவர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று கேட்டால், நானும் அப்படிப் போட்டுக்கொண்டு வந்தவன் என்பதுதான் என் உரிமை.

2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தில் பூஜ் நகரம் இடிந்தபோது எனக்குப் பயிற்சி முடிந்து எட்டு மாதம். ஒரு தொண்டுக் குழுவோடு பிப்ரவரி நடுவில் போனேன். ஊர் ஆஸ்பத்திரி இடிந்து கிடந்தது, எல்லாம் கூடாரத்தில் நடந்தது. மூன்று வாரம் இருந்தோம். அளவெடுப்பது, கட்டைப் பிரிப்பது, முட்டி மடங்கி இறுகிவிடாமல் பயிற்சி கொடுப்பது, இதுதான் வேலை. எட்டு ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை, இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தது. அளவெடுக்கும்போது கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன்: அடுத்த மாதம் வேறு டீம் வரும், அவர்கள் கால் போட்டுவிடுவார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

வளரும் குழந்தையின் எலும்பு வெட்டிய இடத்திலும் வளரும். சில வருடத்துக்கு ஒருமுறை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும், மறுபடி சீர்செய்ய வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை புதுக் கால் வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது வரைக்கும் ஒருவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு என் நோட்டில் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள், அளவு, கிராமம், எந்தத் தேதியில் எடுத்தது, எல்லாம் என் கையெழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து. ஊருக்கு வந்து அழுக்குத் துணியை எடுக்கப் பையைத் திறந்தபோது நோட்டு அடியில் கிடந்தது. அங்கே யாரிடமும் அதற்குப் பிரதி இல்லை. குழுவில் யாரும் கேட்கவும் இல்லை, நானும் கொடுக்கவில்லை. தெரிந்த ஒரு முகவரிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும்.

அதனால்தான் ரொம்பப் பணிவோடும் கொஞ்சம் பிடிவாதத்தோடும் கேட்கிறேன். போகும்போது இரட்டைப் பிரதி எடுக்கக்கூடிய படிவம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். பெயர், ஊரில் கூப்பிடும் பெயர், அப்பா அம்மா பெயர், நிலநடுக்கத்துக்கு முன் எந்தத் தெரு. என்ன செய்தீர்கள், எந்தத் தேதி. திறந்து விட்டதா, மூடியதா. அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்த நாளுக்குள். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா. யாரைக் கேட்க வேண்டும், எந்த எண்ணில். ஒரு பிரதி பிளாஸ்டிக் உறையில் போட்டு நோயாளியின் கழுத்தில் மாட்டிவிடுங்கள், கூடாரத்தில் மழை ஒழுகும். இன்னொன்று அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு. மாவுக்கட்டு போட்டால் அதன் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதி எழுதுங்கள். அந்த நாட்டு மொழியில் எழுதுங்கள். ஹைட்டியில் மக்கள் பேசுவது கிரியோல், ஆஸ்பத்திரியில் எழுதுவது பிரெஞ்சு. நம்முடைய ஆங்கிலக் குறிப்பை வைத்துக்கொண்டு அந்த ஊர் நர்ஸ் அக்கா என்ன செய்வார்?

மொழி என்றதும் இன்னொன்று. ஹைட்டியில் சுகாதார உதவி என்று பெயர் பதிந்த அமைப்புகள் சுமார் 400. இவர்கள் எல்லாம் கூடிப் பேசும் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. தளத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த நாட்டு மருத்துவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதே பெரும்பாடு, போனாலும் பாதி புரியாது. அவர் ஊர், அவர் நோயாளி, அவர் இல்லாமல் முடிவு. நம் தெருவில் ஒரு விசேஷம் என்றால்கூட வெளியூர்க்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பேசி முடிப்பார்களா?

பணமும் அப்படியேதான் போனது. ஐ.நா. சிறப்புத் தூதர் அலுவலகத்தின் கணக்குப்படி அவசர உதவிக்கு ஒதுக்கிய சுமார் 240 கோடி டாலரில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது ஒரு சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்த நாடுகளின் சொந்தத் துறைகளுக்கும் படைகளுக்குமே திரும்பிப் போனது. 'அந்த அரசு ஊழல் அரசு, எப்படி நம்பிக் கொடுப்பது' என்று ஒரு பேச்சு வரும். சரி, அதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. அவரும் வீடிழந்தவர், அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர், ராத்திரி கூடாரத்தில் படுத்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்தவர். தலைநகரின் நல்ல தனியார் மருத்துவமனை ஒன்று கதவைத் திறந்து விட்டு எல்லோருக்கும் இலவசமாகப் பார்த்தது, வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கேயே வேலை பார்த்தார்கள். செலவை ஈடுகட்ட யாரும் முன்வராததால் இரண்டரை மாதத்தில் இழுத்து மூட வேண்டி வந்தது. நாம் இலவசம் என்று போர்டு மாட்டும்போது, பக்கத்தில் கட்டணம் வாங்கிப் பிழைத்துவந்த ஊர் கிளினிக்கின் நிலைமை என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் போனபின் அந்த ஊர்க்காரர் ஓட வேண்டியது அந்தக் கிளினிக்குக்குத்தான்.

அப்புறம் காலரா. இதைச் சொல்லாமல் ஹைட்டியைப் பற்றிப் பேச முடியாது.

நூறு வருடமாக அந்த நாட்டில் யாரும் பார்க்காத நோய். நிலநடுக்கம் நடந்து ஒன்பது மாதம் கழித்து, 2010 அக்டோபரில், மிரபலே ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து கழிவு ஓடைக்குள் போனது. ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, அதில் குளித்து, அதை வயலுக்குப் பாய்ச்சி வாழ்ந்தவர்களுக்கு வாந்திபேதி வந்தது. எட்டு லட்சம் பேருக்கும் மேல் நோய் கண்டது, பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். கூடாரத்தில் நிலநடுக்கத்தைத் தாண்டிப் பிழைத்தவர்கள் தண்ணீரில் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஈடு கேட்டபோது, ஏற்க முடியாத கோரிக்கை என்று 2013இல் ஐ.நா. தள்ளியது. 2016 டிசம்பர் 1 அன்று அப்போதைய ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார், கிரியோலிலும் சில வரிகள் பேசினார். 40 கோடி டாலர் திட்டம் அறிவித்தார்கள், அதில் பெரும்பகுதி வந்தே சேரவில்லை. அந்த நேபாளச் சிப்பாய்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கோ தூரத்திலிருந்து உதவ வந்த பையன்கள். கழிவுக்குழாயை யார் பார்ப்பது என்று மேலே இருந்தவர்கள் கவலைப்படவில்லை. நீங்கள் போய்க் கூடாரம் போடும்போது உங்கள் கழிவறைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கூடவே நடந்து போய்ப் பாருங்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சு எங்கே போகிறது என்று பாருங்கள். குழுத் தலைவரே பார்க்க வேண்டும், உதவியாளரை அனுப்பக் கூடாது.

காலரா என்றால் எனக்கு நினைவுக்கு வரும் ஓர் ஆள் வங்காள மருத்துவர் திலீப் மஹலானாபிஸ். 1971இல் வங்க அகதிகள் நிரம்பி வழிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை டிரம்மில் ஊற்றிக் குழாய் வைத்து, நோயாளியின் அம்மாவிடமும் அண்ணனிடமும் குவளையைக் கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் அளவுக்கு இருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. மருந்தைவிட அந்தக் குவளை கைமாறியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நோயாளியோடு கடைசிவரை இருக்கப் போகிறவர் கையில் வேலையைக் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் முகாம்களில் காலரா பெரிதாகப் பரவாமல் இருந்ததற்கும் அந்தந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர்கள் தண்ணீர்த் தொட்டி தொட்டியாகப் போய்க் குளோரின் பார்த்தது ஒரு காரணம். அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, எந்த வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்று தெரிந்தவர்கள்.

ஹைட்டிக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குத் தர வரிசையும் குறைந்தபட்ச நிபந்தனைகளும் வகுத்தது. அறுவைச் சிகிச்சை செய்யும் குழு என்றால் குறைந்தது இருபது படுக்கை, ஓர் அறுவை அரங்கு, ஒரு நாளைக்கு ஏழு பெரிய அறுவைகளாவது செய்யும் திறன். தண்ணீர், சாப்பாடு, மின்சாரம், கழிவு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 2016இல் மறுவாழ்வு சிகிச்சைக்கும் தனி நிபந்தனை வந்தது: இருபது படுக்கைக்கு ஒருவராவது மறுவாழ்வுப் பணியாளர் இருக்க வேண்டும், தனி மறுவாழ்வுக் குழு என்றால் குறைந்தது மூன்று பேர், குறைந்தது ஒரு மாதம் தங்க வேண்டும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வரியைப் படித்ததும் கண் கலங்கியது. ரொம்ப நாளாக எங்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்கள் கிளம்பும் குழு இந்த நிபந்தனைக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் தனியாகப் போகாதீர்கள், வரும் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லை, அந்த விமான டிக்கெட் பணத்தை அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

2021 ஆகஸ்ட் 14 அன்று ஹைட்டியின் தென்மேற்கில் மறுபடி நடுங்கியது, அளவு 7.2. இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பன்னிரண்டாயிரம் பேருக்கும் மேல் காயம். ஒரு மாதம் முன்புதான் அந்த நாட்டின் ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், தெற்கே போகும் சாலை ஆயுதக் கும்பல்கள் கையில். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த முறை தங்கள் மூலமாக வாருங்கள், இஷ்டத்துக்கு வராதீர்கள் என்று அந்த நாட்டு அதிகாரிகள் முதல் நாளிலிருந்தே சொன்னார்கள். மிரபலேயில் 2013இல் திறந்த 300 படுக்கை மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கென்றே படித்து வந்த ஹைட்டி மருத்துவர்கள் இருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மரும் அவர் கூட்டாளிகளும் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து கட்டியது அது. காலரா கிளம்பிய அதே மிரபலே. 2025 ஏப்ரலில் ஆயுதக் கும்பல்கள் ஊரைப் பிடித்ததில் அந்த மருத்துவமனையை மூட வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

கால் இழந்தவரை ஹைட்டியில் இழிவாகக் கூப்பிட ஒரு சொல் இருக்கிறது, 'கோகோபே'. நம் ஊரில் 'நொண்டி' என்பது போல. நிலநடுக்கத்துக்குப் பிறகு அத்தனை பேர் ஒரே சமயத்தில் அந்தப் பெயருக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்களில் வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் செய்தவர்கள், பந்து விளையாடியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இரண்டாவது அறுவையைச் செய்தார், யாரோ ஒருவர் அளவெடுத்தார், சாக்கெட் கடித்தபோது யாரோ ஒருவர் தேய்த்துக் கொடுத்தார். அந்த யாரோ பெரும்பாலும் அந்த ஊரிலேயே இருந்தவர்.

போன மாதம் வந்த தம்பிக்கு: என்ன எடுத்துட்டுப் போகணும் என்று கேட்டீர்கள். உங்கள் குழுவில் ஒரு பிசியோதெரபிஸ்டையும், என் மாதிரி ஓர் ஆளையும் முதல் விமானத்திலேயே ஏற்றுங்கள். வெட்டுவதற்கு முன், நேரமிருந்தால், எங்கே வெட்டலாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போய் இறங்கியதும் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் மூத்த செவிலியர் யார் என்று விசாரித்து அவரிடம் போய் நில்லுங்கள். கிளம்பும் தேதியை நோயாளிகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். 'வேறு டீம் வரும்' என்று, வருகிறதா என்று தெரியாமல் சொல்லாதீர்கள். திரும்பி வந்த ஆறாம் மாதம் அந்த ஊருக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் எடுத்த கால்கள் என்ன ஆயின என்று ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள்.

நான் சொன்ன ஒரு பக்கப் படிவத்தை வரைந்து வைத்திருக்கிறேன். தமிழில் செய்தது. பிரெஞ்சிலும் நேபாளியிலும் போட்டுத் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் குழுவுக்கு வேண்டுமென்றால் பட்டறைக்கு வாருங்கள், ஞாயிறு தவிர எல்லா நாளும் இருப்பேன். பூஜ் நோட்டும் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றால் காட்டுகிறேன்.

அன்புடன்,
செயற்கைக் கால் செய்பவன்,
மதுரை